சிவப்பு எழுத்தையும் வாசித்தேன்

என் அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே திடமாக இருக்கிறேன், உன் மகள், நம் வாலுவும் திடமாக இருக்கிறாள், அவளுக்கு வந்த சளி மூன்றே நாளில் இறங்கிவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேலையில் தொந்தரவு இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று உன் பதிலில் படிக்க ஆசைப்படுகிறேன். படிக்க என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. முன்பு கேட்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் பாதியிலேயே நீ சரிப்பா சரிப்பா என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. அதனால்தான் ஆறு நாளாக மேசையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், கை வலிக்கிறது, ஆனாலும் இவ்வளவு சந்தோஷமான வலி எனக்கு வந்ததில்லை. சங்கதிக்கு வருகிறேன். பள்ளிக்கூடத் திறப்புப் பூசையில் குடும்ப வாக்குறுதியை வாசிக்க நம் வாலுவின் சீட்டு விழுந்தது உனக்குத் தெரியும். அப்பா வாசிக்க வேண்டாம், வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் சங்கச் செயலாளர் அம்மாவிடம் நீ போனில் சொன்னது எனக்குத் தெரியும். நீ என்னிடம் மூச்சுவிடவில்லை, இருந்தாலும் தெரியும். நான் வாசித்துவிட்டேன். இரண்டு ஞாயிறுக்கு முன்னால், கோவில் நிறைய ஜனம் இருக்க, மைக் முன்னால் நின்று வாசித்தேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று வாலுவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பாவம், நீ போன் செய்யும் நேரமெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பல்வலியா என்று நேற்று நீ கேட்டாயே, அது பல்வலி இல்லை.

மாப்பிள்ளைக்கு நம் பங்கின் வழக்கம் தெரியாது, அவருக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தில் நிதானமாக வாசி. நம் பங்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைதான், ஏழு அறை, கோவிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மதில், அந்த மதிலிலும் ஒரு கதவு. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளின் பேரையும் சீட்டில் எழுதி சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள், பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளை ஒன்று கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கும். அந்தச் சீட்டில் பேர் வந்த பிள்ளையின் வீட்டிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் வாசக மேடையில் ஏறி நான்கு வாக்குறுதி வாசிக்க வேண்டும், பிள்ளை பக்கத்தில் நிற்கும். பிள்ளையைச் சுத்தமாகவும் நேரத்துக்கும் அனுப்புவோம், பிள்ளை வாசிப்பதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம், பள்ளிக்கூடம் கூப்பிட்டால் வருவோம், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி நம் பிள்ளை காதுபட மோசமாகப் பேச மாட்டோம். ஒவ்வொன்றுக்கும் மற்றக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அப்படியே செய்வோம் என்று பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக அந்தப் பதிலை நான் கேட்டிருக்கிறேன். அது பதில் இல்லை, கொட்டாவி. பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவார்கள், மீதிப் பேர் தங்கள் பிள்ளை எங்கே போனது என்று பெஞ்சுக்கடியில் தேடுவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வேற்று ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அந்த ஏழு கரும்பலகைக்கும் பெயிண்ட் அடிப்பது நான்தான். ஒவ்வொரு விடுமுறையிலும் பெற்றோர் வந்து மேசை பெஞ்சைக் கழுவுவார்கள், பெயிண்டர் என்பதால் பலகை என் பங்கு. பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கறுப்பு இரண்டு தரம் அடித்து, காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் நாள் எழுதிய எழுத்து என்ன துடைத்தாலும் போகாமல் நிழலாக நின்றுவிடும். இதெல்லாம் தெரிந்த எனக்கு அந்தப் பலகையில் என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் தெரியாது. வாலு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று டீச்சர் எல்லா வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்து, பிள்ளை வீட்டில் பத்து நிமிஷம் வாசிப்பதைக் கேட்டு, தப்பு வந்தால் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் போய், கேட்கிறேன் டீச்சர், தப்பு வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, பாவம் என்று பார்க்கவும் இல்லை. செவ்வாயும் வியாழனும் மத்தியானம் வந்து பின்னால் உட்காருங்கள் என்றார். பெஞ்சு என் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை, பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்பல் இரண்டும் விழுந்த ஓர் ஆறு வயதுப் பெரிய மனிதர் திரும்பிப் பார்த்து, தாத்தா நீங்க எத்தனை வருஷமா ஃபெயிலு என்று கேட்டார். அறுபத்தைந்து வருஷமா என்றேன். அவருக்கு என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தேன். புதுச் சொல் வந்தால் டீச்சர் சிவப்பு சாக்பீஸால் எழுதுவார், சிவப்பில் இருப்பதை எல்லோரும் சத்தமாக வாசிக்க வேண்டும். நானும் சத்தமாக வாசிப்பேன், என் சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஒரு தரம் ஆள் வந்து பார்த்தது.

இப்போது சீட்டு விழுந்த கதை. அன்று வாலு மதில் கதவிலிருந்து நம் வீட்டு வாசல்வரை ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள், செருப்பு ஒன்று வழியிலேயே போய்விட்டது, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாதான் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். நம்ம வீடு தாத்தா, நம்ம வீடு என்று மட்டும் சொன்னாள், மூச்சு வாங்கியது. அன்று மாலை நாற்காலியை நிறுத்தி அதை வாசக மேடை என்று வைத்துக்கொண்டு, நான் எங்கே நிற்பது, அவள் எங்கே நிற்பது என்று பழகிப் பார்த்தாள். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். நான் அவள் காலுறையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா, நம்ம வீட்ல ஆளு இல்லையா?"

என் கை சோப்பு நுரைக்குள் அப்படியே நின்றுவிட்டது. ஏண்டி, எதிரில் உட்கார்ந்திருப்பது என்ன, சுவரா என்றேன். அவள் வகுப்புப் பையன் ஒருவன், வங்கி அதிகாரியின் மகன், உங்க வீட்டுல ஆளு இல்லையாம், எங்க அம்மாதான் வாசிக்கப் போறாங்க என்று சொல்லியிருக்கிறான். டீச்சரிடம் கேட்டாயா என்றேன். கேட்டாளாம், உங்க அம்மாவே போன்ல சொல்லிட்டாங்களாம் கண்ணு என்று டீச்சர் வருத்தத்தோடு சொன்னாராம். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை மகளே. அழுதிருந்தால் மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்திருப்பேன். நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் மேசையோடு சேர்த்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வந்தாள், அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலுறையைப் பிழியாமலே போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளையும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

தலைமை சிஸ்டர் அறையில் சிஸ்டர் இருந்தார், செயலாளர் அம்மாவும் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதே, நல்ல மனுஷி, சங்கத்தின் வேலை முழுவதையும் அவர் ஒருவர்தான் இழுக்கிறார், மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்க வருகிறவர்கள். இந்த வருஷம் மறைமாவட்டத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களையும் பார்த்துக்கொள்கிற பெரிய ஃபாதர் பூசைக்கு வருகிறார், எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பது அவர் கவலை. கோவிச்சுக்காதீங்க ஐயா, அவ்வளவு பேருக்கு முன்னால திணறினா உங்களுக்குத்தானே சங்கடம் என்றார், மெதுவாகத்தான் சொன்னார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. "திணறுவேன்மா. திணறித்தான் வாசிப்பேன். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க திணறாம வாசிக்குதா? பக்கத்துல உட்கார்ந்து பொறுமையா கேளுங்கன்னு எங்களுக்குச் சொல்றீங்களே, நீங்க ஒரு நாள் கேட்க மாட்டீங்களா?" அவர் ஃபைலைத் திறந்தார், மூடினார். சிஸ்டர்தான் பேசினார். சீட்டு உங்க வீட்டுக்கு விழுந்தது நிஜம்தான் ஐயா, ஆனா உங்க மகளே வேண்டாம்னுட்டாங்களே, நாங்க என்ன செய்ய என்றார். அதற்கு நான், சிஸ்டர், அவளுக்குத் தலை சீவி விடுறது நான், காய்ச்சல் வந்தா நெத்தியில துணி போடுறது நான், கூட்டத்துக்கு வந்து கடைசி நாற்காலியில உட்கார்றது நான், என் மகள் நல்லவ, ஆனா இந்த வீட்டுல ஆளு இல்லைன்னு சொல்ல அவளுக்கே உரிமை கிடையாது என்றேன். எழுதும்போதும் அதையே சொல்கிறேன். உனக்கே உரிமை கிடையாது.

சிஸ்டர் மேசை நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, சரி, புதன்கிழமை வந்து ஒரு தரம் எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றார். அங்கேதான் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வங்கிக்காரர் வீட்டம்மாவை வாசிச்சுக் காட்டச் சொன்னீங்களா சிஸ்டர் என்று கேட்டேன். இல்லை என்றார், பொய் சொல்லத் தெரியாதவர். அப்போ நானும் காட்ட மாட்டேன் என்றேன். வாலு என் விரலை அழுத்தினாள், அது பயமா சந்தோஷமா தெரியவில்லை. சிஸ்டர் சிரித்துவிட்டு வாக்குறுதித் தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒத்திகைக்குப் போகாததால்தான் பின்னால் அந்த வேடிக்கை நடந்தது. போயிருந்தால் நடந்திருக்காது. போகாததற்கு எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

மூன்று நாள் வீட்டில் பழகினேன். நான் வாசிக்க வாலு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், தப்பு வந்தால் தொண்டையைக் கனைப்பாள், அவள் டீச்சர் மாதிரியே. அந்த மூன்று நாளும் வீட்டில் வேறு வேலை ஓடவில்லை, அடுப்பில் முட்டை வெந்து ஓடு வெடித்து ஒரே நாற்றம், கொல்லைப்பக்கக் கூரை ஒழுகுவது அப்படியே கிடக்கிறது, இந்த வாரம் ஏறிப் பார்க்கிறேன், ஏணியில் ஏறாதே என்று நீ சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏறத்தான் போகிறேன், ஏணியைப் பிடிக்கத் தையற்காரம்மாவின் வீட்டுக்காரர் வருவார். உன் அம்மா இருந்திருந்தால் இந்தக் கூத்தையெல்லாம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். வெள்ளிக்கிழமைக்குள் நான்கு வாக்குறுதியும் எனக்குச் சறுக்காமல் வந்தது. வேகம் இல்லை, ஆனால் சறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவிலில் இடமில்லை, பின்னால் கதவுவரை நின்றார்கள். பிரசங்கம் முடிந்ததும் நானும் வாலுவும் எழுந்து போனோம். மேடைக்கு மூன்று படி, பெயிண்ட் டின்னோடு எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன், வெறும் கையோடு ஏறியது அன்றுதான். என் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கப் போனேன், மேடையிலேயே ஒரு ஃபைல் திறந்து இருந்தது, கொட்டை எழுத்தில் அழகாக அடித்திருந்தது, கண்ணுக்கு இதமாக இருக்கிறதே என்று அதையே வாசிக்கத் தொடங்கினேன். முதல் வாக்குறுதி வரைக்கும் எல்லாம் பழகியதுதான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். யாரோ இருமினார்கள், ஒரு கைக்குழந்தை அழுதது, எனக்கு என்ன, நான் பாட்டுக்கு வாசித்தேன். அது முடிந்த இடத்தில் என் தாளில் இல்லாத ஒரு வரி இருந்தது, சிவப்பில். பெரிய ஃபாதர் வருகிறார் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிவப்பு என்றால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே. சத்தமாக வாசித்தேன். "இங்கே நிறுத்திப் பெற்றோரைப் பார்க்கவும்." வாசித்துவிட்டு நிறுத்தினேன், பெற்றோரைப் பார்த்தேன். பெற்றோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் புத்தகத்திலிருந்து தலையை எடுத்து வாசிக்கிறவரைப் பார்த்தது அதுதான் முதல் தரம். அப்படியே செய்வோம் என்று ஒரு முனகல் வந்தது. அடுத்த வரியும் சிவப்பு. இன்னும் சத்தமாக வாசித்தேன். "பதில் பலமாக வராவிட்டால் மறுபடியும் கேட்கவும்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வாலு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, செவப்பு நமக்கு மட்டும். அதை வாசிக்கக் கூடாது."

"எழுதியிருக்குல்ல, வாசிக்காம எப்படி?"

மெதுவாகத்தான் சொன்னோம், ஆனால் மைக் எங்கள் இரண்டு பேர் வாய்க்கும் நடுவில் இருந்தது. கோவில் முழுக்கக் கேட்டது. சிரிப்பு பின் பெஞ்சிலிருந்து முன் பெஞ்சுக்கு வந்துவிட்டது. செயலாளர் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தச் சிவப்பு வாசிக்கிறவருக்குச் சொன்ன குறிப்பு, ஜனங்களுக்குச் சொன்னது இல்லை. காது இரண்டும் சுட்டது மகளே, மறைக்க மாட்டேன். நீ பயந்ததும் செயலாளர் அம்மா பயந்ததும் நடந்துவிட்டது என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது. இனிச் சிவப்பை விட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் வாசித்துவிட்டு இறங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பாவம் பெரியவர் என்று விட்டுவிடுவார்கள். பாவம் என்ற அந்தச் சொல்லை நினைத்ததும் எனக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டது. வாலுவைப் பார்த்தேன். அவள் கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஜனங்களைப் பார்த்து, பதில் பலமா வரலை, அதனால மறுபடியும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் வாக்குறுதியை முதலிலிருந்து வாசித்தேன், அதே வேகத்தில், ஒவ்வொரு சொல்லாக. அவர்கள் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டியதாயிற்று. முடித்ததும் வந்தது பார் பதில், மேடையில் என் கைக்குக் கீழே பலகை அதிர்ந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், இருக்கட்டும், சொன்னார்கள். அதற்குப் பிறகு மீதி மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் கீழே இருந்த சிவப்பையும், தெரிந்தே வாசித்தேன். முதல் தரம் தெரியாமல் செய்தது, மற்றதெல்லாம் தெரிந்து செய்தது, இரண்டுக்கும் கணக்கு என்னுடையதுதான். மூன்றாவது வாக்குறுதி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் கூப்பிட்டால் வருவோம் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது பார், சில பேர் அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். கடைசியில் ஒரு சிவப்பு இருந்தது, வாசிப்பவர் அவசரப்படாமல் இறங்கவும் என்று. அதையும் வாசித்தேன். அவசரப்படாமல் இறங்கினேன். எப்போதும் இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம் பதினோரு நிமிஷம் ஆனது என்று பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் மணி பார்த்துச் சொன்னார். பூசையைக் கூத்தாக்கிவிட்டார் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், என் முகத்துக்கு நேரே இன்னும் சொல்லவில்லை, சொன்னால் பதில் வைத்திருக்கிறேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் செயலாளர் அம்மா நேரே என்னிடம் வந்தார். திட்டு விழும் என்று நின்றேன். பதினோரு வருஷமா நான்தாங்க ஐயா அந்தச் சிவப்பை அடிச்சு வைக்கிறேன், ஒருத்தராவது நின்னு பார்த்ததுமில்லை, மறுபடி கேட்டதுமில்லை என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். உங்களைப் பத்தி நான் உங்ககிட்டயே கேட்டிருக்கணும் என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் அவரைப் பேசவிடவில்லை, மன்னிப்பெல்லாம் நமக்குள் எதற்கு. வங்கிக்காரர் வீட்டம்மா பையனைப் பிடித்து இழுத்து வந்து வாலுவின் முன்னால் நிறுத்தினார், அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான், இவள் அவனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள், அத்தோடு அந்த வழக்கு முடிந்தது. பெரிய ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறினார், அவருக்கு இன்னொரு பூசை இருந்தது. போன சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள், எப்போதும் எட்டு ஒன்பது வீடுதான் வரும், இருபத்தாறு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள், துடைப்பம் பத்தவில்லை. வங்கி அதிகாரி பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பெஞ்சு கழுவினார், பழக்கமில்லாததால் பெஞ்சைவிட அவர்தான் அதிகமாக நனைந்தார். அடுத்த தரம் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. குறைந்தால் மறுபடியும் கேட்பேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, பாதி எழுதியே தீர்ந்துவிட்டது, மீதியைச் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். நீ அங்கே முதியோர் இல்லத்தில் என் வயதுக்காரர்களைக் கைபிடித்து நடக்கவைக்கிறாய். ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டதை எவ்வளவு பெருமையாகச் சொன்னாய், சிந்தினால் சிந்தட்டும், அவரே சாப்பிடட்டும் என்று நர்சுகளோடு சண்டை போட்டதாகச் சொன்னாய். அந்தப் பெரியவருக்குச் சிந்த உரிமை உண்டு, உன் அப்பாவுக்குத் திணற உரிமை இல்லையா. நான் அவமானப்படக் கூடாது என்றுதான் நீ அப்படிச் சொன்னாய், எனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே உன் ரேங்க் கார்டில் நான் கைநாட்டு வைக்கும்போது உன் தோழிகள் கண்ணில் அது படாதபடி இடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பாய். அப்போது மறைத்தது சரி, எனக்கும் வேறு வழி இல்லை. இப்போது மறைக்க ஒன்றுமில்லை மகளே, தள்ளி நில்.

இன்னொன்று. நான்கு வாக்குறுதிக்கும் நம் வீட்டுக்குச் சேர்த்து நான் பதில் சொல்லியிருக்கிறேன், அதில் நீயும் மாப்பிள்ளையும் அடக்கம். அதனால் இனி வாரத்தில் இரண்டு நாளாவது போன் செய்தவுடன் சாப்பிட்டாயா, குளித்தாயா, ஹோம்வொர்க் முடித்தாயா என்று அடுக்காமல், பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அவள் வாசிப்பதைக் கேள். கோபித்துக்கொள்ளாதே, இது வாக்குறுதி இரண்டு. அவளுக்கு நீண்ட சொல் வந்தால் கொஞ்சம் நிற்பாள், நீ முந்திக்கொண்டு சொல்லிக் கொடுக்காதே, அவளே எடுப்பாள். மாப்பிள்ளை கேட்டாலும் சரிதான், ஆனால் அவர் பாதியில் தூங்கிவிடுவார் என்று வாலு சொல்கிறாள், அது நான் சொன்னது இல்லை.

கடைசியாக ஒரே ஒரு காரியம், இதற்காகத்தான் ஆறு நாள் எழுதினேன் என்று வைத்துக்கொள். இனிப் பள்ளிக்கூடத்திலிருந்தோ கோவிலிலிருந்தோ சங்கத்திலிருந்தோ யார் உனக்குப் போன் செய்து வாலுவைப் பற்றி எது கேட்டாலும், நீ யோசித்துப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் எங்கள் அப்பா இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்று சொல். அவ்வளவுதான். அவளுக்குக் கேட்கும்படி ஒரு தரம் போனிலும் சொல்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், கைவேலை சிறக்கட்டும், நல்லபடியாக லீவு கிடைத்து நீங்கள் இங்கே வந்து சேரட்டும். அங்கே ஜூனிலேயே குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி. வாலுவுக்கு அடுத்த அளவு செருப்பு வேண்டும், ஓடி ஓடி இதைத் தேய்த்துவிட்டாள். பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுது. வாசித்துக்காட்ட யாரையும் தேடிப் போக மாட்டேன், நானே வாசித்துக்கொள்வேன், எத்தனை நாள் ஆனாலும் சரி.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும்
உன் அப்பா